துரொண்ட்ஹெய்ம் ரயிலில் ஏறியவருக்கு

அன்புள்ள என் இஞ்சருங்கோ,

கலியாணம் கட்டிய நாளிலிருந்து உங்களை நான் அப்படித்தான் கூப்பிட்டேன். 'இங்கே பாருங்கள்' என்பதுதான் அதற்குப் பொருள் என்று யாழ்ப்பாணம் தெரியாத வாசகர்களுக்காகச் சொல்லி வைக்கிறேன். இங்கே பார்க்காத ஒரு மனிதரை இத்தனை காலம் அந்தச் சொல்லால் கூப்பிட்டிருக்கிறேனே என்று நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு என்று எழுதிவிட்டேன். கோபம் என்றுதான் எழுதியிருக்க வேண்டும்.

இந்த மாசியோடு நீங்கள் போய் மூன்று வருடம். பத்திரிகையில் நினைவஞ்சலி போட வேண்டும் என்று தமிழ்ச் சங்கத்து ஆட்கள் வந்து கேட்டார்கள். உங்கள் கழுத்துப்பட்டி கட்டிய படம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே 'ஆண்டுகள் ஓடினாலும் ஆறாது எங்கள் துயர்' என்று நாலு வரி. அதெல்லாம் வேண்டாம், நானே எழுதித் தருகிறேன் என்றேன். என் வாயைப் பற்றி அவர்களுக்குத் தெரியும். ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுச் சரி என்றார்கள்.

வீட்டுப் புதினங்களை, அதுதான் வீட்டுச் செய்திகளை, முதலில் சொல்கிறேன். ஒஸ்லோவுக்குப் பக்கத்தில் எங்கள் லோறென்ஸ்கூக்கில் இந்த முறை பனி கொட்டித் தள்ளிவிட்டது. பக்கத்து வீட்டு நோர்வேக்காரர் தன் இயந்திரத்தைக் கொண்டுவந்து எங்கள் வாசலையும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டுப் போகிறார். நான் இன்னும் பஸ்தான் ஓட்டுகிறேன். இடுப்பு நோகிறது. அதைப் பற்றி நீங்கள் இனி விசாரிக்கத் தேவையில்லை.

பெரிய புதினம் வேறு. எங்கள் மகள் ஆரணி இஸ்தான்புல்லுக்குப் போகப் போகிறாளாம். ஓம், அதே துருக்கிதான். பழைய பள்ளிக்கூடங்கள் நில ஆட்டத்தில் இடிந்து விழாமல் இரும்பு கொடுத்துப் பலப்படுத்துகிற வேலை, இரண்டு வருடத்துக்கு. உங்களைப் போலவே எஞ்சினியருக்குப் படித்தவள், உங்களைப் போலவே அந்த நாட்டில் போய் விழுகிறாள். அவர்கள் வரச் சொல்லிவிட்டார்கள், அவளும் ஓம் என்றுவிட்டாள். என்னுடைய ஓம் மட்டும்தான் பாக்கி. அது இல்லாமல் போகமாட்டேன் என்கிறாள். அதைச் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்று உங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாது. தெரியட்டும்.

உங்களுக்கும் துருக்கிக்கும் என்ன சம்பந்தம் என்று வாசிப்பவர்கள் கேட்பார்கள். நீங்கள் அகதியாக வந்து, இங்கே மொழி படித்து, கட்டட எஞ்சினியரானவர். திராமனில் கிடைத்த முதல் வேலையில் உங்களுக்குப் பக்கத்து மேசை ஹசனுடையது. துருக்கியில் பிறந்து, சின்ன வயதிலேயே திராமனுக்கு வந்து சேர்ந்தவர் ஹசன். மத்தியானம் ரொட்டித் துண்டுகளைக் கடித்துக்கொண்டு அவர் தன் நாட்டுப் பூமியதிர்ச்சிகளைச் சொல்லத் தொடங்க, நீங்கள் கேட்கத் தொடங்கினீர்கள். மற்ற வீட்டு ஆண்கள் கிரிக்கெட்டும் அரசியலும் கதைத்தார்கள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் நிலம் ஆடிக்கொண்டே இருந்தது.

நான் பஸ் ஓட்டத் தொடங்கிய பிறகு எனக்கு விளங்கப்படுத்துவது உங்களுக்குச் சுகமாகிவிட்டது. மேசையில் கரண்டிகளை வரிசையாக வைப்பீர்கள். "இஞ்சரும், இந்தப் பூமியதிர்ச்சி உம்மட பஸ் மாதிரித்தான். ஒவ்வொரு தரிப்பா நிண்டு நிண்டு மேற்கால போகுது" என்பீர்கள். கிழக்கே எர்சின்ஜானில் 1939 மார்கழிக் குளிரில் புறப்பட்டதாம். தப்பியவர்கள் பனிக்குள் நின்று விறைத்துச் செத்தார்களாம். பிறகு நாற்பதுகளில் எர்பா, தோஸ்யா, கெரெடெ. கொஞ்சம் இளைப்பாறி, அறுபதுகளில் முதுர்னு. 1999இல் இஸ்மித். கடைசிக் கரண்டியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்த தரிப்பு இஸ்தான்புல் என்பீர்கள். எத்தனை மணிக்கு என்ற அட்டவணை மட்டும் ஒருவரிடமும் இல்லையாம். கரண்டியைத் தாருங்கள், சோறு ஆறுகிறது என்று நான் பிடுங்குவேன்.

தெற்கே அந்தாக்யா என்று ஓர் ஊர். அதைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் உங்கள் குரல் இறங்கிவிடும். ரோமர்கள் ஆண்ட காலத்திலிருந்தே இடிந்து இடிந்து எழும்பிய ஊர் அது. பேரரசர் ஒருவரே அங்கே ஜன்னலால் ஏறித் தப்பியதாகச் சொல்வார்களாம். திருவிழாவுக்குக் கூடிய சனத்தோடு நகரம் முழுவதும் விழுந்த வருடமும் உண்டாம். இத்தனை தரம் விழுந்த இடத்தில் சனம் ஏன் திரும்பத் திரும்பக் கட்டுகிறது, புத்தி இல்லையா என்று நான் கேட்டேன். "நாங்கள் மட்டும் என்ன செய்தனாங்கள்?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவ எழும்பிவிட்டீர்கள்.

இஸ்மித் விழுந்த அந்த ஆவணியில் ஆரணி எழுந்து நடக்கப் பழகிக்கொண்டிருந்தாள். ஹசன் வெளிக்கிட, நீங்களும் அவரோடு வெளிக்கிட்டீர்கள். விரிசல் விட்ட வீடுகளைப் பார்த்து, உள்ளே போகலாம் அல்லது போகக்கூடாது என்று சொல்கிற வேலை. அப்போது எனக்குச் சொல்லிவிட்டுத்தான் போனீர்கள், அதை மறுக்கவில்லை. திரும்பி வந்த மனிதர் வேறு ஆள். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே இருப்பீர்கள். லிப்ட்டில் ஏறமாட்டீர்கள். குழந்தை அழுதால் எழுந்து வெளியே போய்விடுவீர்கள். அப்படி ஒரு மாரிகாலம் முழுவதும் நான் தனியாக இரண்டு பேரை வளர்த்தேன்.

பிறகு ஒருநாள் உங்கள் கையைப் பிடித்து ஆரணியின் தலையில் வைத்தேன். இனிப் போகமாட்டேன் என்று சத்தியம் பண்ணச் சொன்னேன். பிள்ளையின் தலையில் அடித்துச் செய்கிற சத்தியம் எங்கள் ஆட்களுக்கு என்னவென்று இங்கே விரிவாக எழுதத் தேவையில்லை. பொய்யானால் யார் தலைக்கு வரும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நீங்கள் எஞ்சினியர், இதையெல்லாம் நம்பாதவர். ஆனாலும் கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே இருந்தீர்கள். "சத்தியமாப் போகமாட்டன்" என்றீர்கள். நான் நம்பினேன். அதற்குப் பிறகு கரண்டி வரிசையைப் பார்த்து எனக்குப் பயம் வரவே இல்லை. கதைக்கிற மனிதர் கதைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன்.

சத்தியம் பண்ணி முடிந்த பிறகு துரொண்ட்ஹெய்ம் வந்தது.

வடக்கே துரொண்ட்ஹெய்ம் நகரில் உங்களுக்குக் கூர்ஸ். கந்தோரில் அனுப்புகிற அந்தப் படிப்பு வகுப்பை இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம், அது இல்லாத வேலையும் இந்த நாட்டில் இல்லை. வருடத்தில் ஒன்றோ இரண்டோ, சில வருடம் ஒன்றுமே இல்லை. பெட்டியை நானே அடுக்கினேன். கம்பளிக் காலுறை, மிளகாய்த்தூள் போட்ட கடலை, தலையிடிக் குளிசை. ஒஸ்லோ மத்திய நிலையத்துக்கு நானே வந்தேன். துரொண்ட்ஹெய்ம் என்று எழுதிய ரயிலில் நீங்கள் ஏறினீர்கள், ஜன்னலால் கை காட்டினீர்கள், ரயில் அசைந்தது. அதில் ஒரு பொய்யும் இல்லை.

அந்த ரயில் கார்டமோன் விமான நிலையத்தில் நிற்கும். அங்கே நீங்கள் இறங்கிவிடுவீர்கள்.

நான் பஸ் ஓட்டுகிறவள். எந்தத் தடம் எங்கே நிற்கும், எங்கே மாறலாம் என்பதுதான் என் பிழைப்பு. பெட்டியோடு ஏறுகிற முகத்தைப் பார்த்தே விமானத்துக்குப் போகிறவரா இல்லையா என்று சொல்லிவிடுவேன். என் சொந்த மனிதர் இரண்டு தரிப்பு போய் இறங்குகிறார் என்று மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எத்தனை நுணுக்கமாக யோசித்திருக்கிறீர்கள். வீட்டுக் கூரையைப் பற்றி அதில் பாதியாவது யோசித்திருந்தால் அது இன்றைக்கு ஒழுகாது.

ஒருமுறை கூர்ஸ் முடிந்து வந்த உங்கள் சப்பாத்தைத் துடைத்தேன். தையலுக்குள் எல்லாம் வெள்ளைத் தூசி, சுண்ணாம்பு மாதிரி. வெளியே பனி கொட்டுகிற காலத்தில் துரொண்ட்ஹெய்மில் எங்கே தூசி என்று கேட்டேன். தங்கின விடுதிக்குப் பக்கத்தில் இடிக்கிறார்கள் என்றீர்கள். இடித்தது யார் என்று இப்போது தெரிகிறது.

பிறகு அந்த பெப்ரவரி. விடியப்புறம் துருக்கியின் தெற்கே ஒன்று, அன்று மத்தியானமே இன்னொன்று. நீங்கள் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்த கரண்டி வரிசைத் தடத்தில் வரவில்லை. இது வேறு தடம், தெற்குப் பக்கம் பல தலைமுறை சத்தம் போடாமல் கிடந்த கிழக்குத் தடம். தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றபடியே பார்த்தீர்கள், இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. அந்தாக்யா என்ற பெயர் திரையில் வந்தபோது, "அது முழுக்கப் போயிட்டுது" என்று எனக்குச் சொல்லாமல் சுவருக்குச் சொன்னீர்கள். நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்து தந்தேன். பாவம், மனிதர் பாசத்தில் துடிக்கிறார், போக முடியாமல் இருக்கிறார் என்று உங்கள் தோளைத் தடவினேன். அந்தத் தடவலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு எரிகிறது.

அந்தக் கிழமையிலேயே துரொண்ட்ஹெய்மில் கூர்ஸ் வந்தது. அவசரக் கூர்ஸ். நான் பெட்டி அடுக்கினேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு பின்னேரம் வேலை முடிந்து வந்து தொலைக்காட்சியைப் போட்டால், அந்தாக்யாப் பக்கம் திரும்பவும் ஆடியிருக்கிறதாம். உடனே உங்களுக்குச் செய்தி அனுப்பினேன், துருக்கியில் திரும்பவும் ஆட்டமாம், ரீவி பாருங்கோ என்று. பதில் இல்லை. படுத்துவிட்டீர்கள் என்று நினைத்து நானும் படுத்தேன். கோழிக்கறி ஆக்கி வைத்திருந்தேன், அடுத்த நாள் நீங்கள் வரவேண்டிய நாள் என்பதால்.

காலையில் ஒரு பொலிஸ்காரியும் ஒரு பாதிரியாரும் கதவைத் தட்டினார்கள். இந்த நாட்டில் அந்த இரண்டு பேரும் சேர்ந்து வந்தால் என்ன செய்தி என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அதனால்தான் நான் பதறவில்லை. அவர்கள் துருக்கி என்றவுடன், நீங்கள் வீடு மாறி வந்துவிட்டீர்கள், என்ர மனுசன் துரொண்ட்ஹெய்மில் நிற்கிறார் என்றேன். கைபேசியை எடுத்து உங்கள் செய்தியைக் காட்டினேன். துரொண்ட்ஹெய்மில் நல்ல குளிர், சாப்பிட்டுவிட்டேன் என்று முதல்நாள் மத்தியானம் நீங்கள் எழுதியிருந்தீர்கள். பாதிரியார் அதை வாசித்துவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இரக்கம் மட்டும் இருக்கவில்லை. அவர் என்ன நினைத்திருப்பார் என்று உங்களுக்கு விளங்குகிறதா? இந்தப் பெண்ணுக்குத் தன் புருஷன் எங்கே என்றே தெரியாது என்று நினைத்தார். அது உண்மைதானே.

நீங்கள் செத்ததற்கு நான் அழவில்லை. ஏமாந்ததற்குத்தான் அழுதேன், அதுவும் குளியலறைக்குள் போய். செத்தவீட்டில் வந்தவர்கள் கட்டிப்பிடித்து அழும்போது எனக்குக் கண் காய்ந்துபோய் இருந்தது. அதிர்ச்சி என்று அவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள்.

எல்லாம் முடிந்து ஒரு கிழமையின் பின் ஹசன் வந்தார். கையில் கட்டு. கதிரையின் நுனியில் இருந்தார். அவரைப் பிடித்து உலுக்கத்தான் எனக்கு மனம் வந்தது, ஆனால் அவர் ஏற்கெனவே உலுங்கிப் போயிருந்தார். உங்கள் கணவர் சொல்லிவிட்டு வந்தார் என்றுதான் நான் எப்போதும் நினைத்தேன் என்றார். எப்போதும் என்றால் எப்போது என்று கேட்டேன். துருக்கியில் வான் என்கிற ஊரில் பூமியதிர்ந்தபோதும் நீங்கள் போனீர்களாம். எலாசிக்கிலும். அந்த இரண்டு ஊர்களும் என் மனத்தில் கூர்ஸாகத்தான் இருந்தன.

ஹசன் இன்னொன்றும் சொன்னார். ஏன் இதற்கெல்லாம் வருகிறாய் என்று ஒருநாள் கூடாரத்துக்குள் அவர் கேட்டாராம். நீங்கள் உங்கள் தம்பியைப் பற்றிச் சொன்னீர்களாம். ஊரில் குண்டு விழுந்தபோது தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லை, ஓய்ந்த பிறகு விரிசல் விட்டு நின்ற வீட்டுக்குள் சைக்கிளை எடுக்கப் போனான், அப்போதுதான் சுவர் விழுந்தது என்று. போகாதே என்று சொல்ல அங்கே ஒருவரும் இருக்கவில்லை என்று.

எனக்கு நீங்கள் சொன்னது, தம்பி குண்டுவீச்சில் செத்தவன் என்று மட்டும்தான். அதற்கு மேல் கேட்டால் முகம் மாறும், அதனால் நான் கேட்பதை விட்டுவிட்டேன். இத்தனை வருடம் பக்கத்தில் படுத்தவளுக்குத் தமிழில் சொல்லாததை, ஒரு கூடாரத்துக்குள் ஹசனுக்கு நோர்வேஜிய மொழியில் சொல்லியிருக்கிறீர்கள். துருக்கிக்குப் போனதைக்கூட ஒருநாள் பொறுப்பேனோ தெரியாது. இதை எப்படிப் பொறுப்பது? எனக்குச் சொல்லியிருந்தால் நானே உங்களை அனுப்பியிருக்கமாட்டேன் என்று எப்படி நினைத்தீர்கள்?

கடைசியாக ஹசன் ஒரு கேள்வி கேட்டார். அதைக் கேட்கத்தான் அவர் வந்தார் என்று நினைக்கிறேன். அன்று வேலை முடிந்து எல்லோரும் ஒரு தெருவில் நின்றார்களாம், வெளியில், வெட்டவெளிக்குக் கிட்ட. நிலம் ஆடத் தொடங்கியவுடன் எல்லோரும் நடுத்தெருவுக்கு ஓடியிருக்கிறார்கள். நீங்கள் ஓடவில்லை. மதில் ஓரமாகக் குப்புறப் படுத்தீர்களாம். அந்த மதில் உங்கள் மேல் சரிந்ததாம்.

"சுவரை விட்டு ஓடு எண்டு எங்களுக்கே சொல்லித் தந்தவர் அவர்தான். அவர் ஏன் படுத்தவர்?" என்று கேட்டார்.

தெரியாது என்றேன். எனக்குத் தெரியும்.

குண்டு போடுகிற பொம்பர் வரும் சத்தம் கேட்டால் ஓடக்கூடாது. ஓடுகிறவனுக்குத்தான் துண்டு பறந்து வந்து படும். சுவர் ஓரமாகவோ வாய்க்காலிலோ குப்புறப் படுக்க வேண்டும், இரண்டு காதுக்குள்ளும் விரல், முழங்கையை ஊன்றி நெஞ்சு நிலத்தில் படாமல் தூக்கி, வாயைக் கொஞ்சம் திறந்து. பள்ளிக்கூடத்தில் எங்களை வரிசையில் படுக்க விட்டுப் பழக்கினார்கள். நீங்களும் அதே வயதில் அதே ஊரில் அதைத்தான் பழகினீர்கள்.

நாங்கள் இங்கே வீடு வாங்கிய புதிதில், கீழே குடியிருப்புக் கட்டுவதற்குக் கல்மலையை வெடிவைத்து உடைத்தார்கள். வெடிக்கு முன்னால் சங்கு ஊதும், எல்லோரும் அசையாமல் கோப்பி குடிப்பார்கள். ஒருநாள் நீங்கள் குசினியில் தண்ணீர்ச் சத்தத்தில் சங்கைக் கேட்கவில்லை. வெடித்தது. நான் திரும்பிப் பார்த்தால் நீங்கள் நிலத்தில், சுவரோடு சுவராக, காதுக்குள் விரலோடு. பிறகு எழும்பி, கரண்டி ஒன்று விழுந்துவிட்டது, தேடுகிறேன் என்றீர்கள். நானும் உங்களோடு சேர்ந்து இல்லாத கரண்டியைக் கொஞ்ச நேரம் தேடினேன். அதை நாங்கள் பிறகு கதைக்கவில்லை.

பூமியதிர்ச்சியைப் பற்றி உங்கள் தலைக்குள் இருந்தது எல்லாம் சரி. அந்த ஒரு நிமிடத்தில் தலையை ஒருவரும் கேட்கவில்லை. உடம்பு தனக்குத் தெரிந்ததைச் செய்தது. நீங்கள் எனக்குச் செய்ததை உங்கள் உடம்பு உங்களுக்குச் செய்துவிட்டது. சரியான தண்டனை என்று சில நாள் நினைத்திருக்கிறேன். அப்படி நினைத்த அன்று சோறு இறங்காது.

முப்பத்தோராம் நாள் மண்டபத்தில் ஒருவர் எழுந்து, அந்நிய மண்ணில் ஒரு குழந்தையின் மேல் கவிழ்ந்து படுத்து அதைக் காத்து உயிர் விட்ட தியாகி என்று உங்களைப் பற்றிப் பேசினார். யார் சொன்னது, எங்கிருந்து அந்தக் குழந்தை வந்தது என்று தெரியாது. படுத்தார் என்பது மட்டும் எப்படியோ கசிந்து, கீழே ஒரு குழந்தையை வைத்துவிட்டார்கள். சனம் கை தட்டியது. ஆரணி முன்வரிசையில் இருந்து தேம்பினாள். அவளைப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்குப் பொய் சொன்ன மனிதருக்காக நானும் ஒரு பொய்யைக் காவிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அந்தப் பாரத்தையும் எனக்குத்தான் வைத்துவிட்டுப் போனீர்கள்.

இப்போது அந்தக் குழந்தைதான் ஆரணியை இஸ்தான்புல்லுக்குக் கூப்பிடுகிறது. அப்பா ஒரு பிள்ளையைக் காப்பாற்றினார், நான் பள்ளிக்கூடங்களைக் காப்பாற்றுவேன் என்கிறாள். போன வருடம் சித்திரையில் மர்மராக் கடலுக்குள் ஒன்று ஆடி, இஸ்தான்புல் சனம் முழுக்கத் தெருவில் நின்றது. உங்கள் கையிலிருந்த அந்தக் கடைசிக் கரண்டியின் ஊர். யாருடைய தலையில் கை வைத்துப் பொய் சொன்னீர்களோ, அவள் அங்கே போகிறாள். இதற்கு நான் எப்படி ஓம் சொல்ல?

போன கிழமை மத்தியானம் என் பஸ்ஸில் வந்து ஏறினாள். வீட்டில் இந்தக் கதையை எடுத்தால் நான் குசினிக்குள் போய்விடுவேன் என்று அவளுக்குத் தெரியும். பஸ்ஸில் நான் எங்கே போவது? கடைசித் தரிப்பில் சனம் இறங்கி முடிய, முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அடுத்த ஓட்டத்துக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. என்ஜினை நிறுத்தினேன்.

ஓம் என்றோ இல்லை என்றோ சொல்லச் சொன்னாள். நான் சத்தியத்தைச் சொன்னேன். அவளுக்கு அது தெரியாது, தெரிகிற வயதில்லை அப்போது. கேட்டு முடித்துவிட்டு, இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கே உரிய அந்த நேர்ப் பார்வையோடு கேட்டாள்.

"அப்ப, அப்பா பொய் சொன்னதுக்கு நான் ஏன் சாகோணும்?"

இத்தனை வருடம் நான் சுமந்த பயத்தை அவள் ஒரு கேள்வியில் போட்டு உடைத்தாள். உங்களிடம் பதில் இருக்கிறதா?

பிறகு மற்றதையும் சொன்னேன். அந்தக் குழந்தை இல்லை என்று. உங்களுக்குக் கீழே வெறும் தெருதான் இருந்தது என்று. ஹசன் கேட்டதையும், எனக்குத் தெரிந்தும் நான் சொல்லாததையும் சொன்னேன். ஆரணி அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. எப்படிப் படுத்தார், காட்டுங்கோ என்றாள். சாரதி இருக்கையில், சீருடையோடு, காதுக்குள் விரல் வைத்து, முழங்கையை ஸ்டியரிங்கில் ஊன்றிக் குனிந்து காட்டினேன். என் உடம்பும் ஒன்றையும் மறக்கவில்லை. குனிந்தவுடன் வாய் தானாகத் திறந்தது.

"எனக்கு அது தெரியாதம்மா" என்றாள். "எனக்கு ஒருத்தரும் அப்பிடிப் படுக்கப் பழக்கேல்லை. ஆடினா நான் சுவரை விட்டிட்டு ஓடுவன்."

அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. உங்கள் சவப்பெட்டி வந்தபோது வராத அழுகை, எரிகிறபோது வராத அழுகை. வெளியில் ஒரு கிழவர் கதவைத் தட்டினார், குளிரில் நிற்கிறாராம். ஆரணியே பொத்தானை அழுத்திக் கதவைத் திறந்துவிட்டாள். அவர் தன் அட்டையைக் காட்டிவிட்டு, அழுகிற சாரதியைப் பார்க்காத மாதிரிப் போய்ப் பின்னால் இருந்தார்.

குப்புறப் படுக்கத் தெரியாத ஒரு பிள்ளையை இந்த நாட்டில் நாங்கள் வளர்த்திருக்கிறோம். வானத்தில் சத்தம் கேட்டால் நிமிர்ந்து பார்க்கிற பிள்ளை. அதை நீங்களும் நானும் சேர்ந்துதான் செய்தோம், ஒருநாள்கூட அதைப் பற்றிக் கதைக்காமல். அந்த ஒன்றில் மட்டும் நீங்கள் எனக்குத் துரோகம் செய்யவில்லை. மற்ற எல்லாவற்றிலும் செய்தீர்கள்.

ஓம் என்று சொல்லிவிட்டேன். பஸ்ஸை எடுக்கும்போது கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன், அவள் கேட்டுக்கொண்டாள். பங்குனியில் வெளிக்கிடுகிறாள்.

உங்களை மன்னித்துவிட்டேன் என்று இதை வாசிக்கிற யாரும் சங்கத்தில் போய்ச் சொல்ல வேண்டாம். சாமியறையில் உங்கள் படத்துக்கு விளக்குக் கொளுத்துகிறேன், கொளுத்திவிட்டுத் திட்டுகிறேன், இரண்டும் நடக்கிறது. ஹசனுக்கு மட்டும் தொலைபேசி எடுத்துச் சொன்னேன், நீங்கள் ஏன் படுத்தீர்கள் என்று.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். யார் தலையிலும் கை வைக்காமல் தருகிறேன். மகளை மறிக்கமாட்டேன், சத்தியம் கேட்கமாட்டேன். அங்கே நிலம் ஆடிய செய்தி வருகிற நேரமெல்லாம் அவளைக் கூப்பிட்டு ஒன்றுதான் கேட்பேன். எங்கை நிக்கிறாய், பிள்ளை? அவள் ஓர் இடத்தின் பெயரைச் சொல்வாள். அங்கேதான் அவள் நிற்பாள்.

இப்படிக்கு,
கோபம் ஆறாத உங்கள் மனுசி,
ஆரணியின் அம்மா